மருந்து வைத்தவன்

ஜூன் 3

வீட்டுக்காரி தூங்கினாளா, சாப்பிட்டாளா, யாருடன் சண்டை போட்டாள் என்று தினமும் ரெண்டு வரி எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. "நான் அஞ்சாப்புதான் டாக்டர். அதுலயும் பாதி நாள் மாடு மேய்ச்சேன்" என்றேன். "மாட்டைப் பத்தி எழுத வேணாம்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பதிலுக்குப் பதில் கொடுக்கிற ஆள், பிழைத்துக்கொள்வார். பெயர் சுகிர்தா. மதுரையில் பைத்தியத்துக்குப் பார்க்கிறவர். அப்படிச் சொல்லக் கூடாதாம். மனநல மருத்துவர் என்று சொல்ல வேண்டுமாம்.

நான் இருளப்பன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பரோட்டா மாஸ்டர். பெண்டாட்டி சீனியம்மாள். பெயரில் மட்டும்தான் சீனி, வாயில் பச்சை மிளகாய் என்று கல்யாணத்தன்றே பந்தியில் சொல்லி மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

பொங்கல் முடிந்ததும் இது ஆரம்பித்தது. எதிர்வீட்டுக் குருவம்மா மகளுக்குச் சடங்கு வைத்துத் தெருவுக்கே கறிச்சோறு போட்டாள். சீனி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த வாரமே, "அந்தச் சோத்துல எனக்கு மருந்து வச்சுட்டா" என்று ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் மருந்து வைப்பது என்றால், ஆளை மயக்கவோ முடக்கவோ சோற்றுக்குள் எதையாவது வைத்துக் கொடுப்பது. வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பார்கள். வயிற்றைத் தடவித் தடவி, இங்கே இருக்கிறது, இப்போது நகர்ந்துவிட்டது என்பாள். பிறகு தூக்கம் போயிற்று. சுவருக்குள் குருவம்மா பேசுகிறாளாம். இவள் சேலை மாற்றினால்கூட அங்கிருந்து சொல்லிக் காட்டுகிறாளாம்.

டாக்டரிடம் அவளை எப்படிக் கூட்டிப் போனேன் என்பதுதான் கூத்து. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, துணைக்கு வா என்றேன். வந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவள் முந்திக்கொண்டு அரை மணி நேரம் அவள் கதையைச் சொல்லிவிட்டாள். "மனச்சிதைவு" என்றார் டாக்டர் என்னிடம் தனியாக. "சிதறுறதுன்னா சூறத் தேங்கா மாதிரியா?" என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை.

ஜூன் 5

மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டாள். அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக நிதானமாகப் போட்டாள், கோழிக்குத் தீனி போடுவதைப் போல.

"எதுத்த வீட்டுக்காரி மருந்து வச்சா. நீங்க ஒரு கடையில போயி மருந்து வாங்கிட்டு வாறீக. ரெண்டும் ஒரே கடைச் சரக்குதான?"

காலி அட்டையைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜூன் 8

அவளிடம் சொல்லாமல் மதுரைக்குப் போனேன். எழுதிய பக்கங்களை நீட்டினேன். டாக்டர் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "தூங்குறாங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார். அதற்கா இத்தனை எழுதினேன்! இனிமேல் எனக்காக எழுத வேண்டியதுதான்.

"யார் குடுத்தா சாப்பிடுறாங்க?" என்று கேட்டார்.

"நான் சமைச்சு நான் குடுத்தா மட்டும். மகள் திருப்பூர்லருந்து வந்து சமைச்சும் தொடலை. அழுதுட்டே போனா. அரிசிப் பானையிலகூட சந்தேகம். என் கை மட்டும் அவளுக்குச் சாமி கை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வார்டுல சேர்க்கலாம்."

"நாலு பேரு அமுக்கிப் பிடிச்சுத்தான் கொண்டு வரணும். வேணாம் டாக்டர். அப்புறம் சென்மத்துக்கும் என்னோட பேச மாட்டா."

"தண்ணியில கரையுற மாத்திரை இருக்கு. சாப்பாட்டுல கலந்து குடுக்கலாம்." உடனே விரலை நீட்டினார். "இருங்க, முழுசாக் கேளுங்க. எனக்கு இதுல சம்மதமே இல்ல. வேற வழி இல்லாததால சொல்றேன். கொஞ்சம் தெளிஞ்சதும் நீங்களே அவங்ககிட்டச் சொல்லிடணும். அவங்க கையில குடுத்து அவங்களே சாப்பிடணும். சொல்லாம ஓட்டுனீங்க, ஒரு நாள் தெரிஞ்சா, மாத்திரையும் போயிடும், உங்க கைச் சோறும் போயிடும்."

"சொல்லிருவோம் டாக்டர். நமக்கு வாய்தான மூலதனம்."

ஜூன் 9

மிளகு ரசம் வைத்தேன். பூண்டு கூடுதலாகத் தட்டிப் போட்டேன். மாத்திரையை ஒரு கரண்டி ரசத்தில் கரைத்து அவள் சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். தட்டை முகர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "பாதகத்தி, என்னை மோந்து பாக்காம இருந்தாச் சரி" என்றேன். ஒரு மாதமாகச் சிரிக்காதவள் சிரித்துவிட்டாள். தட்டு காலி. விரலையும் நக்கினாள்.

"நீங்க வச்ச ரசம்தான் பயமில்லாம எறங்குது" என்றாள்.

அதற்குப் பிறகு அடுப்படியில் உப்பு டப்பாவைத் துடைத்தேன். சீரக டப்பாவைத் துடைத்தேன். எல்லா டப்பாவையும் துடைத்து முடித்த பிறகுதான் கடைக்குப் போனேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

ஜூன் 17

குருவம்மா வீட்டு வாசலில் கோலத்தின் மீது சீனி சாணித் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். குருவம்மா புருஷன் மாடசாமி எங்கள் கதவை எட்டி உதைத்தான்.

"பைத்தியத்தக் கட்டி வைக்க வக்கில்லையா? கட்டிப்போட்டு வளர்க்கணும்யா!"

"உன் பொண்டாட்டி உன்னைய வளர்க்கிற மாதிரியா?" என்றேன்.

தெருவே சிரித்தது. அவன் மூஞ்சி கறுத்துப் போயிற்று. "இன்னொரு தரம் வரட்டும், மண்டையப் பொளந்துருவேன். பொம்பளைன்னு பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொல்லும்போது அவன் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 26

தூங்குகிறாள். நான் கடையிலிருந்து வந்தபோதும் தூங்கினாள், எழுந்தபோதும் தூங்கினாள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். குறட்டையில் விரல் பறந்தது.

ஜூலை 11

குருவம்மா பேச்சு குறைந்துவிட்டது. "பக்கத்து வீட்டு ரேடியோவ யாரோ சின்னதா வச்ச மாதிரி இருக்கு" என்கிறாள். தானாகவே தலை பின்னிக்கொண்டாள். பூக்காரியிடம் ரெண்டு முழம் வாங்கினாள். நான் அவள் முதுகுப் பக்கமாகப் போய், "யாரு வீட்டுப் பொண்ணு இது, எங்க வீட்டுல ஒரு கிழவி இருந்தாளே, அவளக் காணமே" என்றேன். சீப்பால் அடித்தாள். வலித்தது. சந்தோஷமாக இருந்தது.

அவளுக்குக் கை மட்டும் நடுங்குகிறது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் ஆடுகிறது. தூங்கும்போது கடைவாயில் எச்சில் வழிகிறது. உடம்பும் ஊதிவிட்டது, ஜாக்கெட் பற்றவில்லை.

"ஏங்க, நாக்கு தடிச்சுப் போச்சு. இது மருந்து செய்யிற வேலைதான்" என்றாள்.

"வயசு செய்யிற வேலைடி" என்றேன்.

ஜூலை 15

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சொல்லிட்டீங்களா?"

"நல்ல நாள் பாக்குறேன் டாக்டர்."

"கல்யாணமா நடத்தப் போறீங்க?"

கை நடுக்கத்தைச் சொன்னேன். அது மாத்திரையால்தான் என்றார். அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கும் மாற்றலாம், ஆனால் அவளை நேரில் பார்க்க வேண்டும் என்றார். "அவங்க உடம்புல நடக்கறது அவங்களுக்குத் தெரிய வேணாமா? நடுக்கம் ஏன் வருதுன்னு தெரியாம அவங்க என்ன நெனச்சுக்குவாங்க?"

என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல எனக்கு நாலு வேடிக்கைப் பேச்சு இருந்தது, நாலையும் சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜூலை 24

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, எனக்கு என்னாச்சு?"

"எப்ப?"

"இந்த ஆறு மாசமா. சுவத்துக்குள்ள ஒருத்தி எப்படிங்க பேசுவா? எனக்கே யோசிச்சா ஒரு மாதிரியா இருக்கு. எனக்கு என்னமோ ஆயிருந்துச்சுல்ல? இப்ப எப்படிச் சரியாச்சு?"

கண்ணில் வெங்காயத் தண்ணீர். இரண்டு பேருக்கும்.

"உனக்கு என்ன, நான் வச்ச ரசத்துக்குச் செத்தவனே எந்திரிப்பான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 25

நேற்றே சொல்லியிருக்கலாம். கடைக்கு நேரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 6

சீனியின் அக்கா ராக்கு மதினி வந்திருக்கிறார். மதினி பேச ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடிக்கிறவன் கையை எடுத்துவிடுவான். வந்த அன்றே தங்கச்சியின் கையைப் பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், தலையணையை மோந்து பார்த்தார்.

"தம்பி, இது வேற ஒண்ணுமில்ல. மருந்துதான். சத்தியமா மருந்துதான்."

"மதினி, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம். நாட்டுல சனத்தொகை கொறஞ்சிருக்கும்."

"வாயி, வாயி! இந்த வாயிலதான் என் தங்கச்சியக் கெடுத்துட்டீரு. திருச்சுழிப் பக்கம் மருந்து எடுக்கிற அம்மா இருக்கா. வெள்ளிக்கெழமை கூட்டிட்டுப் போறேன். நீரும் வாறீரு."

வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? சரி என்றேன். சும்மா ஒரு பஸ் செலவு, ஒரு எலுமிச்சம்பழம், அதோடு போகும்.

ஆகஸ்ட் 8

அதோடு போகவில்லை.

மருந்து எடுக்கிற அம்மா ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டவள். சீனியைப் படுக்க வைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சினாள். உறிஞ்சி அலுமினியத் தட்டில் துப்பினாள். கறுப்பாக ஒரு உருண்டை, புளியங்கொட்டை அளவு, முடி சுற்றியிருந்தது. அந்த அம்மா கன்னத்தில் முதலிலேயே அது புடைத்திருந்ததை நான் பார்த்தேன். பரோட்டா உருண்டையை எங்கே ஒளித்து வைத்தாலும் எனக்குத் தெரியும், இது தெரியாதா? ஆனால் சீனி பார்க்கவில்லை. எழுந்து உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தாயி வச்சது?" என்று மதினி கேட்டார்.

"ஒருநா வச்சதில்ல. தெனமும் சோத்துல வச்சிருக்கு. வெளியாளு இல்ல. தெனம் கை படுற ஆளு."

அந்த அம்மா யாரிடம் வேண்டுமானாலும் இதைத்தான் சொல்லுவாள். மாமியார், மருமகள், நாத்தனார் என்று எந்த வீட்டிலும் யாராவது ஒருத்தர் மாட்டுவார். தொழில் ரகசியம். எனக்கு அது புரிந்தது. ஆனால் தலை நிமிர முடியவில்லை.

"தெனம் கை படுறதுன்னா எங்க வீட்டுல கொசுதான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பஸ்ஸில் சீனி என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆகஸ்ட் 9

ரசம் வைத்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10

சாப்பிடவில்லை. மதினி கடையில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்கிறாள். தண்ணீரைத் தெருக் குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறாள். நான் அடுப்படிக்குள் போனால் அவளும் வந்து வாசலில் நிற்கிறாள். கரண்டி எடுத்தால் கரண்டியைப் பார்க்கிறாள், கையைக் கழுவினால் கையைப் பார்க்கிறாள்.

"என்னடி, கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்குற மாதிரி பாக்குற?"

"யோவ், பேசாத" என்றாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் என்னை அவள் யோவ் என்று கூப்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 21

மறுபடி தூக்கம் போய்விட்டது. சுவரில் காதை வைத்து நிற்கிறாள். இப்போது குருவம்மாவோடு சேர்ந்து நானும் பேசுகிறேனாம் உள்ளே. "ரெண்டு பேரும் சேந்துதான் வச்சீங்க. நீ இங்க நிக்கிற, ஒன் கொரல் அங்க கேக்குது" என்கிறாள். கன்னம் ஒட்டிவிட்டது.

ஆகஸ்ட் 27

இன்று காலை அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு குருவம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். மாடசாமி கையில் கடப்பாரை. குருவம்மா பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, பயம். சடங்குக்குக் கறிச்சோறு போட்டதைத் தவிர அவள் ஒரு பாவமும் செய்யவில்லை.

நான் நடுவில் புகுந்து சீனியைக் கட்டிப் பிடித்தேன். என் தோளைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

"இதான் கடைசி. அடுத்து போலீசு இல்லாட்டி இந்தக் கடப்பாரை" என்றான் மாடசாமி. நான் சீனியை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ராக்கு மதினி முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழமை நம்ம அண்ணன் வேன் கொண்டு வாறான். கோயில்ல கொண்டு போயி விட்டுரலாம். கால்ல சங்கிலி போட்டுப் பாத்துக்குவாக. அவளுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது."

"மதினி, அவ ஒங்க தங்கச்சி."

"அதனாலதான் சொல்றேன். ஒம்ம கைச் சோத்தத் தின்னு சாகுறதுக்குச் சங்கிலி மேலு."

ஆகஸ்ட் 28

டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஊசி இருக்கு, மாசத்துக்கு ஒண்ணு. நாலு பேர் பிடிச்சுப் போடலாம். அதுக்கப்புறம் உங்களை மட்டுமில்ல, என்னையும் நம்ப மாட்டாங்க. அவசரம்னா உடனே வார்டுக்குக் கொண்டு வாங்க, நான் இருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார்.

"சொன்னா என்னைக் கொன்னுருவா டாக்டர்."

"இப்ப மட்டும் என்ன செய்றாங்க?"

ஆகஸ்ட் 30

சொல்லிவிட்டேன்.

மதினி கோயிலுக்குப் போயிருந்தார். சீனி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படிப் பரணிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டேன். பாதி காலி, பாதி முழுசு.

"என்னய்யா இது?"

"மருந்து. நான்தான் வச்சேன்."

"சிரிக்காமச் சொல்லு."

"சிரிக்கலடி. என் மூஞ்சியே இப்படித்தான்." வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. "டாக்டர் குடுத்தது. மொதல்ல வாங்கினத நீ சாக்கடையில போட்டியில்ல? அதுக்கப்புறம் ரசத்துல கரைச்சு ஊத்தினேன். உனக்குச் சரியாகணும்னுதான். தூங்கினியா இல்லையா? அவ பேச்சு கொறஞ்சுச்சா இல்லையா?"

அட்டையை எடுத்து ஒவ்வொரு குழியாக விரலால் தடவினாள்.

"கை நடுங்குனது?"

"இதான்."

"நாக்கு தடிச்சது?"

"இதான்."

"நான் கேட்டேன். வயசுன்னு சொன்ன."

"ஆமா."

"அப்ப நான் சொன்னது நெசம்."

"நீ சொன்னது குருவம்மாவ."

"ஆளுதான மாறிப்போச்சு? சோத்துல மருந்து வச்சது நெசந்தான? ஊரே என்னையப் பைத்தியம்னு சொல்லுச்சு. நீயும் தலையாட்டுன. நான் சொன்னது நெசந்தான?"

ஆமாம் என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"தின்னு."

"எனக்கு எதுக்குடி? எனக்கு நோவு இல்ல."

"நல்லதுன்னுதான எனக்கு வச்ச? நல்லதத் தின்னுறதுக்கு என்ன? தின்னுய்யா."

நோய் இல்லாதவன் தின்னக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். வாங்கி வாயில் போட்டேன். கரைந்து போயிற்று. நாக்கை நீட்டச் சொன்னாள். நீட்டினேன்.

செப்டம்பர் 1

பேனா பிடிக்கக் கை வரவில்லை. நேற்று என்று ஒரு நாள் இருந்ததாம்.

செப்டம்பர் 2

இப்போது பரவாயில்லை. மாத்திரை தின்ற சாயங்காலமே எழுந்து நின்றேன், தரை வரவில்லை. சுவரைப் பிடித்தேன், சுவரும் வரவில்லை. நாக்கு பழைய செருப்பைப் போல வாய்க்குள் கிடந்தது. யாரோ என்னைக் கோணிக்குள் போட்டுக் கட்டி, கோணியை இன்னொரு கோணிக்குள் போட்ட மாதிரி. கடை முதலாளி போன் அடித்திருக்கிறார். சீனிதான் எடுத்தாளாம். "மாஸ்டர் எங்கம்மா?" என்றதற்கு, "செத்தா சொல்லி விடுறேன்" என்று வைத்துவிட்டாளாம்.

இடையில் கண் திறந்தபோதெல்லாம் எதிரில் உட்கார்ந்திருந்தாள். என் கடைவாயைத் துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை குனிந்து, "இப்ப எப்படி இருக்கு?" என்றாள். பரிவாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

வேன் வந்ததாம். அண்ணனும் மதினியும் அவள் கையைப் பிடித்திருக்கிறார்கள். "இங்க ஒருத்தன் கெடக்கான், இவன் தெளியாம நான் எங்கயும் வர மாட்டேன். இவனோட கணக்கு எனக்கு முடியல" என்று தூணைக் கட்டிக்கொண்டாளாம். தெரு கூடிவிட்டது. வேன் திரும்பிப் போயிற்று. மதினியும் அதில் ஏறிப் போய்விட்டார்.

இன்று காலை கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். பசி உயிர் போகிறது. கையில் எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. கஞ்சியைப் பார்த்தேன். மோந்தேன். நான் மோந்ததை நானே தாமதமாகத்தான் கவனித்தேன்.

"குடி" என்றாள்.

"இதுல என்ன…"

"என்ன போட்டிருக்கேன்னு கேக்குறியா? கேளு. பதில் சொல்றேன். நீ எனக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன்."

குடித்தேன். உப்பு மட்டும்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 4

"அந்த மருந்து செஞ்சவளப் பாக்கணும்" என்றாள். சண்டை போடத்தான் புறப்பட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிய விதத்திலேயே தெரிந்தது. சுவரில் குரல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, பஸ்ஸிலும் குருவம்மா பின் சீட்டில் இருப்பதாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் போயே தீர வேண்டும் என்றாள்.

டாக்டர் அறைக்குள் நுழைந்ததும், "நீதான் எம் புருஷங்கிட்ட மருந்து குடுத்து விட்டவளா?" என்றாள்.

"ஆமாம்மா. நான்தான். உங்ககிட்டக் கேட்காமக் குடுத்தது தப்பு" என்றார் டாக்டர்.

சீனி அதை எதிர்பார்க்கவில்லை. கொண்டு வந்த சண்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு என்னைக் கை காட்டினாள். "இவர வெளிய போகச் சொல்லுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே முதலில் அவள் குரல் மட்டும் உயரக் கேட்டது. பிறகு டாக்டர் குரல். பிறகு ரெண்டும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் "உங்க சம்சாரமா?" என்றார். "இன்னும் முடிவாகல" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

வரும்போது சீட்டு அவள் கையில் இருந்தது. மருந்துக் கடையில் அவளே வாங்கினாள். மாத்திரையை இடுப்புச் சுருக்குப் பையில் போட்டு இழுத்துக் கட்டினாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"வேற மாத்திர. நடுக்கம் வராதாம், வந்தா உடனே சொல்லுங்கன்னு என்கிட்டச் சொன்னாக. என்கிட்ட. குருவம்மா வச்சது வச்சதுதான். இது அத எடுக்கிற மருந்து. குழலு வைக்காம எடுக்கும், நாளாகும்னு நான் சொன்னேன். அவுக இல்லைங்கவும் இல்ல, ஆமாங்கவும் இல்ல. தின்னு பாருங்கன்னாக. நானே திங்கிறேன். நீ தொட்ட, கைய ஒடிச்சுருவேன்."

செப்டம்பர் 19

தினமும் மாத்திரையை வெளிச்சத்தில் வாசலில் நின்று தின்கிறாள். தெருவே பார்க்கட்டும் என்கிற மாதிரி. குருவம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள். மாடசாமி கடப்பாரையை உள்ளே வைத்துவிட்டான். என்னைக் கண்டால் மட்டும் துப்புகிறான், அது அவன் பிறவி வழக்கம்.

அடுப்பு அவளுடையது. எனக்கும் அவள்தான் பொங்கிப் போடுகிறாள். என்னைப் பானை பக்கம் விடுவதில்லை. நான் ரசம் வைத்தேன் என்று ஒரு நாள் பானையோடு தூக்கி வெளியே கவிழ்த்தாள்.

அக்டோபர் 3

தூங்குகிறாள். சுவரில் பேச்சு சில நாள் இல்லை, சில நாள் இருக்கிறது. கை நடுக்கம் இல்லை. பேச்சுக்கு அளந்துதான் பதில் சொல்கிறாள். நேற்று நான் சொன்ன ஒன்றுக்கு உதடு லேசாகக் கோணியது. பிறகு என்னைப் பார்த்ததும் நேராக்கிக்கொண்டாள்.

அக்டோபர் 12

ஞாயிறு. இரவெல்லாம் பரோட்டாக் கல் முன்னால் நின்றுவிட்டு, காலையில் நான் ஒரு வீச்சுப் பரோட்டா போட்டு, வாழை இலையில் சுற்றிக் கொண்டு வந்தேன். கல்யாணமான புதிதில் இதற்காகவே அவள் விழித்திருப்பாள். அவள் முன்னால் பிரித்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் இலையையே பார்த்தாள். பசி இருந்தது, தொண்டை ஏறி இறங்கியது.

"நீ மொதல்ல தின்னு" என்றாள்.

ஒரு துண்டு பிய்த்துத் தின்றேன்.

"அந்தப் பக்கம்."

அந்தப் பக்கத்திலும் பிய்த்துத் தின்றேன். நடுவிலும் பிய்க்கச் சொன்னாள். தின்றேன். பிறகு சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இலை நடுவில் இருந்தது.

எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தூங்கி விழுகிறேனா என்று பார்க்கிறாள்.

விடிய விடிய அடுப்பில் நின்ற உடம்பு. வெயில் வேறு கதகதவென்று முதுகில் ஏறியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணை அகலத் திறந்து வைத்தேன். ஏதாவது பேசலாம் என்று பார்த்தேன், பேச்சை மாற்றுகிறேன் என்று நினைப்பாள். பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு கொட்டாவி கிளம்பி வந்தது. பல்லைக் கடித்து வாயை மூடியபடியே அதை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.